இருபத்தொரு பக்கம், மூன்று வரி



கொஞ்சம் நீளமான பதிவு. தலைப்பிறைக்கு இன்னும் சில நாட்கள் இருக்கின்றன, ஆறுதலாக வாசியுங்கள்.

ஒவ்வொரு வருடமும் ஷஃபான் மாதத்தின் கடைசி வாரத்தில் நான் ஒரு பட்டியல் போடுவேன். நோன்பு மாதத்தில் எதையெல்லாம் வாசிப்பேன், எதையெல்லாம் எழுதுவேன் என்ற பட்டியல். போன வருடம் அந்தப் பட்டியலை இதே முகநூலிலும் போட்டேன். உங்களில் சிலருக்கு ஞாபகமிருக்கும். குர்ஆன் இரண்டு கத்தம். பத்துப் புத்தகங்கள். தினமும் ஒரு பக்கம் எழுத்து. சாதாரண தரப் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கணக் கையேடு ஒன்று. "மாஷா அல்லாஹ் சேர்" என்று நூறு பேருக்கு மேல் எழுதியிருந்தீர்கள். எனக்கும் அன்று ராத்திரி ஏதோ செய்து முடித்துவிட்ட மாதிரித்தான் இருந்தது.

பெருநாள் அன்று கணக்குப் பார்த்தேன். குர்ஆன் பதினேழு ஜுஸ்உ. புத்தகம் ஒன்றேகால். எழுத்து நான்கு நாள். கையேட்டுக்கு அட்டைப்படம் மட்டும் தயார். அதுவும் மருமகன் போனில் செய்து தந்தது.

யாரும் என்னிடம் வந்து "சேர், அந்தப் பத்துப் புத்தகம் என்ன ஆச்சு?" என்று கேட்கவில்லை. உங்களுக்கு எத்தனையோ வேலை. ஆனால் ஒருவன் கேட்டான். அவனைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

போன வருடம் நோன்பு விடுமுறைக்குப் பாடசாலை மூடுகிற கடைசி நாள். தரம் 10, கடைசிப் பாடவேளை. பிள்ளைகளுக்கு மனசு வகுப்பில் இல்லை, எனக்கும் இல்லை. சும்மா இருக்கக்கூடாது என்பதற்காக, "விடுமுறையில எல்லாரும் ஒரு எண்பது பக்கக் கொப்பி வாங்கி, ஒவ்வொரு நாளும் நடந்தத எழுதிட்டு வாங்க. பாடசாலை தொடங்கினதும் நான் பார்ப்பன்" என்றேன். வழமையான முனகல். பின் வரிசையில் இருந்து ஒரு பையன் எழும்பினான். அதிகம் பேசாத பையன். பகிடிக்கும் கேட்கவில்லை, குறும்புக்கும் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"சேர், நீங்க எழுதுறீங்களா?"

"ஓம், எழுதுறன்தானே" என்றேன்.

பொய். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். புள்ளியிடுகிறேன். எழுத்துப் பிழைக்கு வட்டம் போடுகிறேன். ஆனால் எனக்கென்று நான் எழுதிய ஒரு பக்கம் என் வீட்டில் இல்லை. பாடக்குறிப்பு இருக்கிறது, வலயக் கல்வி அலுவலகத்துக்கு நிரப்பிக் கொடுத்த படிவங்களின் பிரதிகள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

"அப்ப நாங்களும் ஒங்கட கொப்பியப் பாக்கலாமா சேர்?" என்றான்.

"பாக்கலாம்" என்றேன். மணி அடித்துவிட்டது.

அன்று பின்னேரமே கடைக்குப் போய் ஒரு கொப்பி வாங்கினேன். அந்தப் பத்துப் புத்தகப் பட்டியலும் கையேடும் அந்த வேகத்தில் வந்தவைதான். பொய்யை உண்மையாக்கிவிட வேண்டும் என்ற அவசரம். நான்காம் நோன்போடு அந்த வேகம் நின்றுபோனது.

ஏன் நின்றது என்று இப்போது யோசித்தால் காரணம் தெரிகிறது. எங்கள் முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு காலத்தில் விடுமுறை. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு மாத ஓய்வு. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், வருடத்திலேயே வேலை கூடிய மாதம் இதுதான். ஸஹருக்கு எழும்புவது, சுபஹ், அதற்குப் பிறகு கண்ணை இழுத்துக்கொண்டு போகும் தூக்கம். எழும்பினால் திருத்தாத விடைத்தாள் கட்டு. பத்து மணிக்கு வெயில். பள்ளிவாசல் ஸகாத் குழுவில் பெயர் கொடுத்திருப்பேன். அஸர் தொழுதால் கஞ்சி, நோன்பு திறக்கும் ஏற்பாடு. மஃரிப், இஷா, தராவீஹ். கடைசிப் பத்து வந்தால் தையற்கடை, பிள்ளைகளின் உடுப்பு, செருப்பு. இதற்குள் இரண்டு கத்தம், பத்துப் புத்தகம் என்று எழுதியவன் மாதத்தைப் பார்த்து எழுதவில்லை. தன்னைப் பற்றித் தானே நினைத்திருந்த ஒரு படத்தைப் பார்த்து எழுதியிருக்கிறான்.

குர்ஆன் ஓதுவதையும் முழுக்க சுபஹுக்குப் பிறகு என்றே வைத்திருந்தேன். எல்லாம் ஒரே இருப்பில். முதல் மூன்று நாள் நடந்தது. நான்காம் நாள் ஆறாம் பக்கத்தில் தூங்கிப்போனேன். ஐந்தாம் நாள் அந்த மிச்சத்தையும் சேர்த்து ஓத வேண்டியிருந்தது. ஆறாம் நாள் அது இன்னும் கூடியபோது முஸ்ஹபைத் திறக்கவே ஒரு தயக்கம் வந்தது. அல்லாஹ்வின் வேதத்தைக் கடன்காரனைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிற நிலைமைக்கு என்னை நானே கொண்டுபோய் விட்டிருந்தேன்.

பாடசாலை தொடங்கியது. முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் பதினொரு பேர்தான் கொப்பி கொண்டுவந்தார்கள். அதில் ஆறு கொப்பி ஒரே இரவில் எழுதியது, மை நிறத்திலேயே தெரியும். அந்தப் பையனுடைய கொப்பி மட்டும் வேறு மாதிரி இருந்தது. மூலை மடிந்து, ஒரு இடத்தில் எண்ணெய்க் கறை பட்டு, மூன்று நிறப் பேனையில் எழுதப்பட்டிருந்தது.

இடைவேளை நேரத்தில் ஆசிரியர் அறையில் வைத்து வாசித்தேன். அதில் இருப்பது அவனுடையது, இங்கே சொல்லமாட்டேன். ஒன்றே ஒன்றை மட்டும் சொல்கிறேன். இதைச் சொல்லலாமா என்று அவனிடம் கேட்டேன். "பேர் போடாம எழுதுங்க சேர்" என்றான்.

மூன்றாம் நோன்பு அன்று இப்படியான கருத்தில் எழுதியிருந்தான்: இன்றைக்கும் சுபஹுக்குப் பிறகு தூங்கினேன். நோன்பு காலத்தில் காலையில் இடியப்பம் இல்லை. உம்மாவும் தூங்கினா.

முதலில் எனக்கு விளங்கவில்லை. இன்னொரு தடவை வாசித்தபோது விளங்கியது. மற்ற மாதங்களில் இந்தப் பையன் விடியற்காலையில் உம்மா அவிக்கும் இடியப்பத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கடை கடையாகக் கொடுத்துவிட்டுத்தான் பாடசாலைக்கு வருகிறான். அதனால்தான் வாரத்தில் மூன்று நாள் பிந்தி வருகிறான். பிந்தி வருகிறவர்களை நான் என்ன செய்வேன் என்று என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். வகுப்பு வாசலில் நிறுத்துவேன். அந்த வருடம் அவனை எத்தனை நாள் நிறுத்தியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. ஒருநாள்கூட அவன் காரணம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அடுத்த பாடவேளை தரம் 10. கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அப்படியே நின்றான்.

"சேர், ஒங்கட கொப்பி?"

பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். நான்கு பக்கம், பிறகு வெள்ளை. அவன் புரட்டிப் பார்த்தான். ஐந்தாம் பக்கம், ஆறாம் பக்கம். வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. "நான் அண்டைக்குச் சொன்னது பொய் மகன். நான் எழுதுற ஆள் இல்ல. நாலு நாள்தான் எழுதினேன்" என்றேன். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை.

அவன் சொன்னான்: "பரவாயில்ல சேர். நானும் நடுவுல மூணு நாள் எழுதல்ல. புறவு அந்த மூணையும் விட்டுட்டு அன்றைய நாள எழுதினேன். அதுகள எழுதப் போயிருந்தா இதுவும் எழுதியிருக்கமாட்டேன்."

நான் படித்த எந்தக் கல்வியியல் பாடத்திலும் இதை இவ்வளவு நேராக எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. விட்டுப்போன நாளை விட்டுவிட வேண்டும். இன்றைக்கு எழுத வேண்டும்.

அவன் பிந்தி வருவது பற்றி அதிபரோடு பேசினேன். முதல் பாடவேளையில் வருகிற மற்ற ஆசிரியர்களிடமும் சொன்னேன். அதற்கு மேல் நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஆனால் இப்போது வாசலில் யாரையும் நிறுத்துவதில்லை. பிந்தி வந்தால் உள்ளே கூப்பிட்டு, பிறகு தனியாகக் கேட்கிறேன்.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது.

எங்கள் வாப்பா கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேஜராக இருந்தவர். அவருக்குத் தினமும் டயரி எழுதும் பழக்கம் இருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வரி. கடையை மூடி வந்து, சாப்பிட்டு, விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு எழுதுவார். வருடம் முடிந்தால் அந்த டயரி தகரப் பெட்டிக்குள் போகும். இருபது இருபத்தைந்து டயரிகள் இருந்திருக்கும். எங்கள் வீடு கடற்கரைக்குக் கிட்ட. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி அந்தப் பெட்டியும் போனது. உயிர்கள் போன நாளில் யார் பெட்டியைத் தேடப் போகிறார்கள்? நாங்களும் தேடவில்லை. வாப்பாவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதற்குப் பிறகு அவர் டயரியும் எழுதவில்லை. சில வருடங்களில் அவரும் மௌத்தாகிவிட்டார். அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்கி வைப்பானாக.

போன வருடம் ஒரு காணி விசயமாக உறுதி தேவைப்பட்டது. சம்மாந்துறையில் மாமா வீட்டு அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது என்று உம்மா சொன்னா. போய் எடுத்தேன். உறுதியோடு சேர்த்து ஒரு நூலால் கட்டியிருந்தது ஒரு டயரி. 1987. அந்த வருடம் வயல் குத்தகைக் கணக்கெல்லாம் அதில் இருந்தபடியால், உறுதியோடு சேர்த்து அங்கே கொடுத்து வைத்திருக்கிறார். கடல் எட்டாத ஊரில் இருந்தது, அதனால் தப்பியது.

தங்கச்சி வீட்டில், உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். அழகான எழுத்து. ஆனால் பெரிய விசயம் ஒன்றும் இல்லை. மழை, விதைநெல், யாருக்கு எவ்வளவு கடன், சீனி வந்தது, மண்ணெண்ணெய் வரவில்லை. இப்படித்தான் பக்கம் பக்கமாக. நோன்பு மாதம் வந்ததும் திகதிக்குப் பக்கத்தில் நோன்பின் இலக்கத்தையும் போட்டிருந்தார். அதில் மூன்று நாட்கள்:

நோன்பு 9. மகனுக்குக் காய்ச்சல். கல்முனைக்குக் கொண்டுபோனேன். இரவு தூக்கமில்லை.

நோன்பு 10. காய்ச்சல் அப்படியே.

நோன்பு 11. குறைந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். சீனி 2 மூடை வந்தது.

எனக்கு அப்போது ஐந்து வயது. அந்தக் காய்ச்சல் எனக்கு ஞாபகமில்லை. உம்மாவுக்கும் ஞாபகமில்லை, "எத்தன காய்ச்சல் மனே, எதண்டு நான் சொல்ற" என்றா. இந்த மூன்று வரி இல்லாவிட்டால், எங்கள் வாப்பா நோன்போடு என்னைத் தூக்கிக்கொண்டு அலைந்தது இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். அவர் கையால் எழுதி மிஞ்சியது இந்த ஒரு வருடம்தான்.

அந்தப் பின்னேரம் திரும்பி வரும்போது எனக்குள் ஓடியது இதுதான்: என் பிள்ளைகள் நாளைக்கு என்னைப் பற்றித் தேடினால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்? நிரப்பிய படிவங்களும் முகநூல் பட்டியலும்தான்.

ஆகவே இந்த வருடமும் பட்டியல் போட்டேன். ஆனால் போடுவதற்கு முன்னர் வீட்டுக்காரியிடம் காட்டினேன். அவவும் டீச்சர்தான், ஆரம்பப் பிரிவு. பட்டியலை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு கேட்டா:

"இஞ்ச பாருங்க, இதெல்லாம் நல்லம்தான். நீங்க ஓதி, வாசிச்சு, எழுதுற நேரத்துல கஞ்சி யாரு காய்ச்சிற?"

நான் சிரித்தேன். அவ சிரிக்கவில்லை.

"போன வருசம் எனக்கும் ஒரு கத்தம் முடிக்கிற நிய்யத்து இருந்திச்சி. பதினொராம் ஜுஸ்உவோட நிண்டிச்சி. நீங்க பட்டியல பேஸ்புக்ல போட்டீங்க. நான் எங்க போடுற?"

இருபது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவவும் என்னைப் போலவே விடுமுறையில் விடைத்தாள் திருத்துகிறா. ஸஹருக்கு என்னை விட ஒரு மணித்தியாலம் முந்தி எழும்புகிறா. அஸரில் இருந்து மஃரிப் வரைக்கும் அடுப்படியில் நிற்கிறா, போனில் கிராஅத்தைப் போட்டுவிட்டு, அகப்பையைக் கிண்டியபடியே கேட்டுக்கொண்டிருப்பா. நான் அதை ஒரு அழகான காட்சியாகத்தான் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்து ஓத நேரமில்லாததால்தான் அப்படிக் கேட்கிறா என்று எனக்குப் படவே இல்லை. என்னுடைய பத்துப் புத்தகமும் அவவுடைய நேரத்தில்தான் எழுதப்பட்டிருந்தது.

இரண்டு பேரும் இருந்து மாதத்தைத் திரும்பப் பிரித்தோம். அஸருக்குப் பிறகு ஐந்தரை மணி வரைக்கும் அவவுடைய நேரம். கதவைச் சாத்திக்கொண்டு ஓதலாம், வாசிக்கலாம், தூங்கினாலும் யாரும் கேட்கக்கூடாது. அந்த நேரத்தில் வெங்காயம் வெட்டுவது, பழம் வெட்டுவது, சமோசா சுருட்டுவது நானும் மூத்த மகளும். கஞ்சி வாரத்தில் நான்கு நாள் பள்ளியில் எடுப்பது, சின்ன மகன் வாளியோடு வரிசையில் நிற்பான், அவனுக்கு அது சந்தோசம். ஸஹர் சட்டிபானை கழுவுவது என் பொறுப்பு. மாமிக்கு இதில் கொஞ்சம் மனவருத்தம், "மாப்பிள்ள சட்டி கழுவுறயா" என்றா. இரண்டு நாளில் பழகிவிடும், இன்ஷா அல்லாஹ்.

இப்படிப் பிரித்ததற்குப் பிறகு எனக்கு மிஞ்சிய நேரத்தைப் பார்த்துத்தான் கீழே இருப்பதை எழுதினேன். இதை உங்களுக்குப் பெருமைக்காகச் சொல்லவில்லை. உங்களில் யாராவது இதே மாதிரிப் பட்டியல் போட்டு நான்காம் நோன்போடு விட்டிருந்தால், கணக்கு உதவலாம் என்றுதான்.

முதலாவது, குர்ஆன் ஒரு கத்தம். நாம் ஓதும் மதீனா பதிப்பு முஸ்ஹபில் 604 பக்கங்கள். பிறை 29 இல் தென்படுமா 30 ஆகுமா என்று யாருக்கும் தெரியாது. 30 என்று கணக்குப் போட்டு, 29 இல் பெருநாள் வந்து, கடைசி ஜுஸ்உவைப் பெருநாள் இரவில் ஓட்டமாக ஓதியவன் நான். ஆகவே கணக்கை 29க்கு வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு 21 பக்கம். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் நான்கு பக்கம், ஐந்து தொழுகைக்கு இருபது. தூங்குவதற்கு முன்னர் ஒன்று. நான்கு பக்கம் என்பது பள்ளியில் அதே இடத்தில் இருந்து ஓதிவிட்டு எழும்பக்கூடிய அளவு. ஒரு நேரம் விட்டுப்போனால் கடன் நான்கு பக்கம்தான். அடுத்த தொழுகையிலேயே தீர்த்துவிடலாம். 30 நோன்பு கிடைத்தால் அந்த ஒரு நாள் மேலதிகம், விட்டதைப் பிடிக்க.

தாய்மார்களுக்கும் வயதானவர்களுக்கும் நான்கு பக்கம் கூட என்றால் இரண்டு வையுங்கள். மாதத்தில் பாதிக் குர்ஆன் ஆகும். குறைவாக இருந்தாலும் விடாமல் செய்கிற அமல்தான் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற நபிமொழியை நாம் எல்லோரும் ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு வந்து இரண்டு கத்தம் என்று எழுதுகிறோம்.

இரண்டாவது, ஒரு புத்தகம். ஒன்றே ஒன்று. இதிலும் ஒரு ஒப்புதல் வாக்குமூலம் இருக்கிறது. ஈழத்தின் முதலாவது தமிழ் நாவல் எது என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குக் குறிப்புக் கொடுக்கிறேன். 'அசன்பே சரித்திரம்', அறிஞர் சித்திலெப்பை, 1885. கரும்பலகையில் எழுதி, கீழே கோடும் போடுவேன். கதை எகிப்திலும் இந்தியாவிலும் நடக்கிறது என்று ஒரு வசனம் சொல்லுவேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. ஏனென்றால் நான் அதை வாசித்ததே இல்லை. பரீட்சையில் ஒரு புள்ளிக்கு வருகிற பெயராகவே அந்த நாவல் என் வாழ்க்கையில் இருந்திருக்கிறது.

அதை எழுதியவர் நேரம் நிறைய இருந்த மனிதரும் இல்லை. கண்டியில் சட்டத்தரணி. 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி நடத்தினார். நம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடங்களுக்காக ஊர் ஊராக அலைந்தார். எதிர்ப்பும் சந்தித்தார். அதற்கு நடுவில்தான் இந்த நாவல். விடுமுறை கிடைத்தால் எழுதுவேன் என்று அவர் இருந்திருந்தால் நான் கரும்பலகையில் எழுத ஒரு பெயர் கிடைத்திருக்காது. நண்பர் ஒருவரிடம் மறுபதிப்பு இருந்தது, வாங்கி வைத்திருக்கிறேன். ஓதி முடித்து விடைத்தாளும் திருத்திய பிறகு, லுஹருக்கு முன் அரை மணித்தியாலம். பழைய நடை, மெதுவாகத்தான் போகும் என்று நினைக்கிறேன். மாதம் முழுக்கச் சென்றாலும் சரி.

மூன்றாவது, எழுத்து. மூன்று வரி. தராவீஹ் முடிந்து வந்து போனைச் சார்ஜில் போடுகிற இடத்தில் கொப்பியும் பேனையும் இருக்கும். போன் அங்கே தங்கும், நான் கொப்பியை எடுத்துக்கொண்டு படுக்கைக்குப் போவேன். திகதி, நோன்பின் இலக்கம், அன்றைய நாளில் நடந்த ஏதாவது மூன்று. அழகாக எழுதக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டிருக்கிறேன். அழகாக எழுத வெளிக்கிட்டுத்தான் போன வருடம் நான்காம் நாளோடு நின்றேன். வாப்பாவின் டயரியில் ஒரு உவமையும் இல்லை. சீனி வந்தது என்றால் சீனி வந்ததுதான்.

நான்காவது, வெள்ளிக்கிழமைகளில் உம்மாவிடம் போவது. எப்படியும் போகிறேன், ஆனால் இனிக் கொப்பியோடு போவேன். ஒரு வெள்ளிக்கு ஒரு கேள்வி. 1978 சூறாவளி இரவில் எங்கே இருந்தீர்கள் என்பது முதல் கேள்வி. நவம்பர் 23 என்று திகதி எனக்குத் தெரியும், பாடப்புத்தகத்திலும் இருக்கும். கூரை போன பிறகு உம்மா யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றா என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. உம்மாவுக்கு இப்போது பெயர்கள் மாறிப்போகின்றன. என்னைக் கூப்பிடும்போது முதலில் மாமாவின் பெயர்தான் வருகிறது. மாதத்தில் நான்கு வெள்ளி இருக்கின்றன. அடுத்த நோன்புக்கு இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருக்குமா என்று எனக்குத் தெரியாது.

இவ்வளவுதான் பட்டியல். கையேடு இல்லை. அது நோன்புக்குப் பிறகு, மருமகன் செய்த அட்டைப்படம் வீணாகாது.

விதிகள் இரண்டு. ஒன்று, எழுதாத நாள் எழுதாத நாளாகவே இருக்கும். அந்தப் பக்கத்தில் நோன்பின் இலக்கத்தை மட்டும் போட்டு வெறுமையாக விடுவேன், பின்னால் போய் நிரப்பமாட்டேன். இது அந்தப் பையனிடம் படித்தது. இரண்டு, நோன்பு முடியும் வரை இதைப் பற்றி முகநூலில் ஒன்றும் போடமாட்டேன். இத்தனை பக்கம் ஓதிவிட்டேன் என்ற படமும் வராது. போன வருடம் உங்கள் "மாஷா அல்லாஹ்" எனக்கு முற்பணமாகவே வந்துவிட்டது. வேலை செய்யாமலே கூலி வாங்கிவிட்டேன். இந்த வருடம் தயவுசெய்து எனக்குத் தரவேண்டாம், துஆ மட்டும் செய்யுங்கள்.

பிறகு ஏன் இதை இங்கே எழுதுகிறேன் என்று கேட்கலாம். அந்தப் பையன் இப்போது தரம் 11. நேற்று மணி அடித்த பிறகு ஆசிரியர் அறை வாசலுக்கு வந்தான்.

"சேர், இந்த வருசமும் கொப்பியா?"

"நீ எழுதப்போறயா?"

"போன வருசத்தையான் முடியவே இல்ல சேர். நோன்புக்குப் புறவும் எழுதிட்டுத்தான் இரிக்கன். இது ரெண்டாவது கொப்பி."

நான் மீண்டும் பொய் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னேன். "மூணு வரி எழுதலாம் எண்டு இரிக்கன் மகன். எத்தன நாள் நடக்குமெண்டு தெரியாது. பாடசாலை தொடங்கினதும் கொண்டு வாறன். நீயே பார்" என்றேன்.

"சரி சேர்" என்று போனான். சைக்கிளின் பின்னால் இடியப்பத் தட்டுக் கட்டுகிற கயிறு அப்படியே சுற்றியிருந்தது.

ஆகவே இது அவனுக்குக் கொடுத்த வாக்கு. ஊருக்குத் தெரிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் பயம் இருக்கும்.

உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இந்த ஒரு மாதம் வீட்டில்தான் இருப்பார்கள். ஒரு எண்பது பக்கக் கொப்பி வாங்கிக் கொடுங்கள். என்ன எழுதினாய் என்று தினமும் பறித்துப் பார்க்க வேண்டாம். முடிந்தால் நீங்களும் ஒன்று வாங்குங்கள், அதை அவர்கள் காணும்படி வையுங்கள். வீட்டில் வாப்பா, உம்மா, மூத்தம்மா, மூத்தாப்பா இருந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பதிலை எழுதி வையுங்கள். எங்களூரில் கடல் கொண்டுபோன பெட்டிகள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும்.

பட்டியல் போடுகிற ஆண்களுக்கு ஒரு வார்த்தை: போடுவதற்கு முன்னர் அடுப்படியில் ஒருமுறை காட்டுங்கள்.

அல்லாஹ் இந்த ரமழானை அடையும் பாக்கியத்தை நம் எல்லோருக்கும் தருவானாக. என்னால் மனம் நொந்த மாணவர்கள், பெற்றோர்கள் யாராவது இதை வாசித்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். குறிப்பாக, வகுப்பு வாசலில் நின்றவர்கள்.